அறுந்த ஒயரும் பல் தடமும்

வீட்டு விலங்குகள் ஹெட்போன் ஒயரைக் கடித்து அறுக்கும்போது, அதைச் சேட்டை என்றோ கெட்ட பழக்கம் என்றோ சொல்லி, அடியாலும் அதட்டலாலும் தீர்க்க முயல்வதே பெரும்பாலான வீடுகளின் வழக்கமாக இருக்கிறது. ஆனால் நாய்க்குட்டி கடிப்பதற்கான காரணம் பூனைக்குப் பொருந்துவதில்லை. பூனைக்கான காரணம் ஆட்டுக்குப் பொருந்துவதில்லை. எலிக்கான காரணமோ இம்மூன்றிலிருந்தும் வேறானது. எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தைத் தேடுபவர் ஒயரை இழப்பதோடு, சில வேளைகளில் விலங்கையும் இழந்துவிடுகிறார். அறுத்த வாய் எது, அந்த வாயில் பற்கள் எவ்வாறு அமைந்துள்ளன, அந்த வயதில் அந்த உடலில் என்ன நடந்துகொண்டிருக்கிறது என்பவற்றை அறிந்த பிறகே தடுப்பு முறைகளைப் பற்றிப் பேசுவதில் பொருள் உண்டு.

நகரத்து அடுக்குமாடி வீட்டில் பெரும்பாலும் ஒரு நாயோ ஒரு பூனையோதான் இருக்கும் என்பதால், இந்தச் சிக்கலின் ஒரு முகம் மட்டுமே அங்கே தெரிகிறது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியான கல்வராயன் மலையில், அந்த வட்டத்தின் தலைமையிடமாகிய வெள்ளிமலையையும் அதைச் சுற்றியுள்ள மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்களையும் எடுத்துக்கொண்டால், நிலைமை வேறு. சாமை, கேழ்வரகு, மரவள்ளி விளையும் கொல்லைக்குக் காட்டுப்பன்றி வராமல் காக்க நாய், அறுத்து வைத்த தானியத்தை எலியிடமிருந்து காக்கப் பூனை, வாசலோரம் கட்டிய வெள்ளாடு, கூரையிலும் பரணிலும் அழையாமல் குடியிருக்கும் எலி என நான்கு வகை வாய்கள் ஒரே கூரையின் எட்டும் தூரத்தில் வாழ்வது மலைக்கிராம வீடுகளின் இயல்பு. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டுப் பாடங்கள் செல்போனுக்கு மாறிய காலம் முதல், ஹெட்போன் என்பது படிக்கும் பிள்ளை இருக்கும் வீடுகளின் தேவைப் பொருள்களுள் ஒன்றாகிவிட்டது. அறுந்தால் அடுத்ததை வாங்க மலைப்பாதையில் கள்ளக்குறிச்சி வரை இறங்கவேண்டியிருக்கும் இடத்தில், விலங்குக்கும் ஒயருக்கும் இடையிலான இந்தப் பிணக்கை அற்பமானதாக ஒதுக்கிவிட முடியாது.

ஹெட்போன் ஒயரைக் குறுக்காக வெட்டி, வெட்டு முகத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால், விலங்கின் வாய்க்கு அது எத்தகைய பொருளாகப் படுகிறது என்பது ஓரளவு விளங்கும். வெளியே இருப்பது பிவிசி எனப்படும் பாலிவினைல் குளோரைடு உறை, அல்லது அதைவிட மிருதுவான, ரப்பர்த் தன்மை கொண்ட நெகிழி உறை. பிவிசி தன்னளவில் விறைப்பானது; நெகிழ்வூட்டிகள் எனப்படும் எண்ணெய்ப் பசையுள்ள சேர்மங்களைக் கலப்பதால்தான், தண்ணீர்க் குழாய்க்குப் பயன்படும் அதே பொருள் சுருட்டி வைக்கத்தக்க ஒயராக மாறுகிறது. உறைக்குள் முடியளவே பருமனுள்ள செப்பு இழைகள் மூன்று அல்லது நான்கு கற்றைகளாக ஓடுகின்றன. கற்றைகள் ஒன்றையொன்று தொட்டாலும் மின்னிணைப்பு ஏற்படாதபடி, ஒவ்வோர் இழையின் மீதும் மெல்லிய அரக்குப்பூச்சு, பெரும்பாலும் வலக்காதுக்குச் சிவப்பாகவும் இடக்காதுக்குப் பச்சையாகவோ நீலமாகவோ, பூசப்பட்டிருக்கிறது. இழுத்தால் அறாமலிருப்பதற்காக நைலான் போன்ற செயற்கை நூலும் செம்போடு சேர்த்து முறுக்கப்படுகிறது. காதில் அணிபவருக்குப் பயன்தரும் இந்த நூலே, ஒயர் விலங்கின் குடலுக்குள் போய்விட்டால் பெருங்கேட்டுக்குக் காரணமாவதைப் பின்னர் காணலாம்.

இந்த ஒயரில் ஓடும் ஒலிக்குறிப்பின் மின்னழுத்தம் வழக்கமாக ஒரு வோல்ட் அளவைத் தாண்டுவதில்லை என்பதால், அதைக் கடிக்கும் விலங்குக்கு மின்னதிர்ச்சி ஏற்படுவதில்லை. கடித்தால் வலிக்கும் என்று விலங்கு தானாகக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பும் அதனால் இல்லாமல் போகிறது. மேலும், காதில் செருகும் முனையில் காதுக் குறும்பியின் கொழுப்பும், கழுத்தில் உரசும் பகுதியில் வியர்வையின் உப்பும் படிந்திருக்கின்றன. மனித மூக்கில் மணத்தை உணரும் செல்கள் சில பத்து லட்சங்கள் முதல் சில கோடிகள் வரையிலேயே இருக்க, நாயின் மூக்கிலோ அவை இருபது கோடிக்கும் மேல் இருப்பதாகக் கணக்கிடப்படுகிறது. செருப்பு, ரிமோட், ஹெட்போன் ஆகிய மூன்றும் நாய்க்குட்டியின் வாயில் மீண்டும் மீண்டும் சிக்குவதற்கு, வீட்டாரின் உடல் மணம் அடர்த்தியாகப் படிந்த பொருள்கள் இவையே என்பது முதன்மையான காரணம்.

நாய்க்குட்டிக்குப் பிறக்கும்போது பற்கள் இல்லை. மூன்றாவது வாரம் முதல் முளைக்கத் தொடங்கும் 28 பால்பற்கள் இரண்டு மாதத்துக்குள் வரிசை நிறைகின்றன. மூன்று, நான்கு மாத வயதில் அவை விழத் தொடங்கி, ஏழு மாதத்துக்குள் 42 நிலைப்பற்கள் வந்து சேர்கின்றன. இந்த இடைக்காலத்தில், கீழிருந்து எழும் புதிய பல் பால்பல்லின் வேரைக் கரைத்து, ஈறைத் துளைத்துக்கொண்டு வருவதால், ஈறு வீங்கி நமைச்சலும் வலியும் உண்டாகின்றன. மிதமான கடினமும் மிதமான நெகிழ்வும் உள்ள பொருளைக் கடைவாயில் வைத்து அழுத்தும்போது அந்த நமைச்சல் தணிகிறது. மரக்கட்டை மிகக் கடினம், துணி மிக மென்மை. பிவிசி ஒயரோ இரண்டுக்கும் நடுவே சரியாக அமைந்துவிடுகிறது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை போன்ற தமிழகத்தின் பெயர்பெற்ற இனங்களாயினும், மலைக்கொல்லையைக் காக்கும் பெயரற்ற நாட்டு நாயாயினும், இந்த வயதுக் கணக்கில் பெரிய வேறுபாடு இல்லை. குட்டி கடித்த ஒயரில் உறை ஒரே இடத்தில் அறுபடாமல், பல இடங்களில் நசுங்கித் தட்டையாகியிருக்கும். ஊசிமுனை போன்ற பால்பற்கள் இறங்கிய சிறு துளைகள் அருகருகே காணப்படும். உமிழ்நீர் காய்ந்த பிசுபிசுப்பும் இருக்கும்.

ஏழு மாதத்துக்குப் பின்னும் கடிப்பது தொடர்ந்தால், பல் முளைப்பதைக் காரணமாகக் கொள்ள முடியாது. ஓடியாட இடமின்றிப் பகல் முழுவதும் கட்டி வைக்கப்படுவதும், வீட்டார் வெளியேறியதும் உண்டாகும் பிரிவுப் பதற்றமும் அப்போது முதலில் ஆராயப்பட வேண்டியவை. கொல்லையில் அவிழ்த்துவிடப்படும் மலைநாய்க்கு முதலாவது குறை பெரும்பாலும் இல்லை. கீழே நகரத்தில் நான்கு சுவருக்குள் வளரும் நாய்க்கே அது மிகுதி.

நாயைத் திருத்துவது குறித்து நிலவும் ஒரு தவறான எண்ணத்தை இங்கே களைவது அவசியம். அறுந்த ஒயரைக் காட்டி அதட்டும்போது நாய் காதைத் தாழ்த்தி, பார்வையைத் திருப்பி, உடலைக் குறுக்கிக்கொள்வதைக் கண்டு, தன் குற்றத்தை அது உணர்ந்துவிட்டதாக மனிதர்கள் நம்புகிறார்கள். நாய்களின் அறிதிறனை ஆராயும் அமெரிக்க ஆய்வாளர் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், தின்னக்கூடாது என்று விலக்கப்பட்ட தின்பண்டத்தைத் தின்ற நாய்களும் தின்னாத நாய்களும், அதட்டப்பட்டபோது ஒரேபோல அந்த முகத்தைக் காட்டின; தவறே செய்யாத நாய்களிடம் அது சற்றுக் கூடுதலாகவே தெரிந்தது. ஆகவே அந்த முகம் குற்ற உணர்வைக் காட்டுவதன்று, கோபப்படும் மனிதரைத் தணிக்க முயலும் அச்சத்தைக் காட்டுவது. செயலுக்கும் அதன் விளைவுக்கும் இடையே சில நொடிகள் கடந்துவிட்டாலே நாயால் இரண்டையும் இணைத்துப் புரிந்துகொள்வது கடினமாகிறது. அரை மணி நேரம் கழித்துக் கிடைக்கும் அடியிலிருந்து, வீட்டுக்காரர் திரும்பி வருவது ஆபத்தானது என்பதை மட்டுமே அது கற்றுக்கொள்கிறது. ஒயர் வாயில் இருக்கும் அந்த நொடியிலேயே அதைவிட விருப்பமான ஒன்றைக் காட்டி, ஒயரைக் கீழே போட்டதும் அதைக் கொடுத்துப் பழக்குவதே பயன் தரும் வழி. பறிக்க முயன்றால் குட்டி அதை ஓடிப்பிடிக்கும் விளையாட்டாகக் கொள்ளும், அல்லது அவசரத்தில் விழுங்கிவிடும். இரண்டாவது நேர்ந்தால் விளைவு மிக மோசமானது.

பூனையின் வாய் முற்றிலும் வேறு வகையான கருவி. நிலைப்பற்கள் 30 மட்டுமே உள்ள அந்த வாயில் அரைப்பதற்கான தட்டையான பரப்பு ஏறத்தாழ இல்லை. மேல்தாடையின் கடைசி முன்கடைவாய்ப் பல்லும் கீழ்த்தாடையின் கடைவாய்ப் பல்லும் ஒன்றன் பக்கத்தில் மற்றொன்று வழுக்கி இறங்கித் தசையைத் துண்டிக்கின்றன. இறைச்சியை வெட்டுவதற்கென அமைந்த இந்த இணை ஒயரில் இறங்கும்போது, அறுபட்ட முனை கத்தரிக்கோலால் நறுக்கியது போல ஒழுங்காக இருக்கும். பூனையைக் கடிக்கத் தூண்டுவது அசைவு. மேசை விளிம்பிலிருந்து தொங்கி ஆடும் மெல்லிய பொருள், புல்லுக்குள் மறையும் வாலைப் போன்ற அதே தூண்டலைப் பூனையின் கண்ணுக்குத் தருவதால், பசியில்லாத பூனையும் அதைப் பாய்ந்து பிடிக்கிறது. சயாமிய, பர்மிய இனங்களில் சில பூனைகள் கம்பளியையும் நெகிழியையும் சப்பித் தின்னும் இயல்பைப் பெற்றிருப்பதும் அறியப்பட்டிருக்கிறது. உணவல்லாததைத் தின்னும் அந்த நிலை பைக்கா எனப்படும். எலி பிடிப்பதற்காக வளர்க்கப்படும் நாட்டுப் பூனையைப் பொறுத்தவரை, வேட்டை விளையாட்டே பெரும்பாலான நிகழ்வுகளுக்குப் போதுமான விளக்கமாகும்.

ஒயரைப் பொறுத்தவரை, வீட்டு விலங்குகளுள் மிகப் பெரிய ஆபத்தில் இருப்பது பூனையே என்பது போதுமான அளவு அறியப்படாத உண்மை. பூனையின் நாவின் மேற்பரப்பில், தொண்டையை நோக்கி வளைந்த நூற்றுக்கணக்கான சிறு முட்கள், நகத்தில் உள்ள அதே கெரட்டின் புரதத்தால் ஆனவை, வரிசையாக நிற்கின்றன. முடியைக் கோதவும் எலும்பிலிருந்து சதையைச் சுரண்டவும் உதவும் இவை, நூலோ மெல்லிய ஒயரோ நாவின் மீது படிந்துவிட்டால் அதை வெளியே துப்பவிடுவதில்லை. நாவின் ஒவ்வோர் அசைவும் அதை உள்ளே தள்ளுகிறது. விழுங்கப்பட்ட நீண்ட இழையின் ஒரு முனை நாவின் அடியிலோ இரைப்பையின் வாயிலிலோ சிக்கிக்கொள்ள, மறுமுனையைக் குடல் தன் இயல்பான அலையசைவால் முன்னே இழுத்துச் செல்கிறது. இழை நகராதபோது குடல்தான் இழையின் மீது ஏறி வருகிறது. பாவாடைக்குள் நாடாவை இழுக்கும்போது துணி சுருங்கி மடிப்பு மடிப்பாகக் குவிவதைப் போலவே குடலும் சுருங்கிக் குவிகிறது. இறுகிய இழை ஒவ்வொரு மடிப்பின் உள்வளைவையும் அறுத்து ஓட்டையிடும்போது குடலிலுள்ளவை வயிற்றறைக்குள் கசிந்து, உயிரைப் பறிக்கும் அழற்சி உண்டாகிறது. ஒயர் உடையாமலிருக்கச் சேர்க்கப்பட்ட நைலான் நூல் செரிமான நீரில் கரைவதில்லை என்பதால், செப்பு இழைகள் ஒடிந்து சிதறினாலும் நூல் மட்டும் நீண்டு நின்று இந்தக் கேட்டைச் செய்யக்கூடும். பூனையின் வாயிலோ ஆசனவாயிலோ இழையின் முனை தெரிந்தால், அதைப் பிடித்து இழுக்கும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும் என்பதை எத்தனை முறை வலியுறுத்தினாலும் தகும்.

வெள்ளாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஆடு எதையும் தின்னும் என்ற பேச்சு பிழையானது. மாட்டைவிடத் தேர்ந்து தின்னும் விலங்கு அது. மேல்தாடையில் வெட்டுப்பற்களே இல்லாமல், உறுதியான ஈறுத்திட்டு மட்டும் உள்ள ஆடு, எளிதில் அசையும் உதடுகளால் ஒவ்வொன்றையும் தொட்டுச் சோதித்தே வாய்க்குள் எடுக்கிறது. கொடியையும் தொங்கும் கிளைநுனியையும் தின்று பழகிய அதற்கு, சன்னலில் தொங்கும் ஒயர் சோதனைக்கு உரிய பொருளாகத் தோன்றுவதில் வியப்பில்லை. ஆடு தின்ற ஒயரில் வெட்டு முகம் என்று ஒன்று இருப்பதில்லை; முனை பிய்ந்து, இழைகள் இழுபட்டு, நீளத்தில் பெரும்பகுதி காணாமல் போயிருக்கும். அசைபோடும் விலங்கின் முதல் இரைப்பையில் நெகிழி செரிக்காமல் தங்கி, நெகிழிப் பைகளோடு சேர்ந்து முடிச்சாகத் திரண்டு, வாரக்கணக்கில் எந்த அறிகுறியும் காட்டாமல் கிடந்து, பின்னர் வயிற்றுப் பொருமலாகவும் மெலிவாகவும் வெளிப்படுகிறது. முயலின் வழி வேறு: அதன் 28 பற்களும் வாழ்நாள் முழுவதும் வளர்பவை. நடமாடும் பாதையில் குறுக்கிடும் வேரையும் தண்டையும் வெட்டி நீக்கும் இயல்புள்ளது என்பதால், தரையில் கிடக்கும் ஒயரை ஒரே கடியில், சாய்வாக, சுத்தமாகத் துண்டித்துவிட்டுத் தின்னாமலே போய்விடும்.

எலி வளர்ப்பு விலங்கு அன்று. ஆயினும் வீட்டில் அறுபடும் ஒயர்களுக்கான பழி நாய்க்கும் பூனைக்கும் போய்ச்சேரும் வழக்குகளில், உண்மைக் குற்றவாளி பெரும்பாலும் அதுவே. கொறித்துண்ணிகள் என்னும் பாலூட்டி வரிசையைச் சேர்ந்த எலி, அணில், பெருச்சாளி ஆகியவற்றுக்கு மேலும் கீழுமாக இரண்டிரண்டு வெட்டுப்பற்கள் உள்ளன. இவற்றின் முன்பக்கத்தில் மட்டுமே எனாமல் எனப்படும் கடினப் பூச்சு படிந்திருக்க, பின்பக்கத்திலுள்ள மிருதுவான டென்டின் வேகமாகத் தேய்வதால், பயன்படுத்தப் பயன்படுத்தப் பல் தானே கூராகிக்கொண்டிருக்கிறது. அந்த எனாமலில் இரும்புச் சேர்மம் கலந்திருப்பதே எலியின் பல்லுக்கு மஞ்சள் கலந்த செம்மை நிறத்தையும் கூடுதல் உறுதியையும் தருகிறது. ஜெர்மானியக் கனிமவியலாளர் ஃபிரெட்ரிக் மோஸ் 1812இல் வகுத்த கடினத்தன்மை அளவுகோலில் செம்பு ஏறத்தாழ 3 என்ற இடத்தில் நிற்க, எனாமல் 5 என்ற இடத்தில் நிற்கிறது. ஆகவே எலியின் பல்லுக்குச் செப்புக்கம்பி ஒரு தடையே அன்று. வெட்டுப்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையில் உள்ள வெற்றிடத்தில் உதட்டின் உள்மடிப்பை நுழைத்து வாயை உட்புறமாக மூடிக்கொண்டே எலியால் கொறிக்க முடிகிறது. அதனால்தான் எலி அறுத்த ஒயரின் கீழே பிவிசித் துகள்கள் விழுங்கப்படாமல் பொடியாகக் குவிந்திருக்கின்றன. வெட்டு முகத்தில் இணைகோடுகளாக, இரண்டிரண்டாக, மில்லிமீட்டர் அளவிலான பள்ளங்கள் தெரிகின்றன.

பல் வளர்ந்துகொண்டே இருப்பதால் எலி எதையாவது கொறித்தே தீரவேண்டும் என்ற பொதுவான விளக்கம் பாதி உண்மை மட்டுமே. எலியின் வெட்டுப்பல் ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டருக்கும் மேல் வளர்வது மெய்தான். ஆனால் மேற்பல்லையும் கீழ்ப்பல்லையும் ஒன்றோடொன்று உரசியே எலி அவற்றைப் பெருமளவில் தேய்த்துக்கொள்கிறது. ஒயரைக் கொறிப்பதற்கு, வழியில் உள்ள தடையை அகற்றுதல், புதிய பொருளை வாயால் ஆராய்தல், கூடு அமைக்க நார் சேர்த்தல் ஆகிய காரணங்களும் உண்டு. மோட்டார் வாகன ஒயர்களின் உறையில் சோயா எண்ணெய் சார்ந்த பொருள் சேர்க்கப்படுவதே எலிகளை ஈர்க்கிறது என்று அமெரிக்காவில் வழக்குகள் தொடரப்பட்டதும், மிளகாயின் காரப்பொருள் ஏற்றிய நாடாவை ஹோண்டா நிறுவனம் ஒயரில் சுற்ற விற்பனை செய்வதும் இச்சிக்கலின் பரப்பைக் காட்டுகின்றன. சோயா எண்ணெய் வராத காலத்து ஒயர்களையும் எலிகள் அறுத்தே வந்திருக்கின்றன என்பதையும் உடன் நினைக்க வேண்டும். இந்த இடத்தில் மூஞ்சூறுக்காக ஒரு சொல்: எலியைப் போலத் தோன்றும் அது கொறித்துண்ணி வரிசையைச் சேர்ந்ததே அன்று, கரப்பானையும் பூச்சிகளையும் தின்று வாழும் அதன் பற்கள் ஒயரைக் கொறிக்கும் அமைப்பில் இல்லை. அறுந்த ஒயருக்காக மூஞ்சூறை அடித்துக் கொல்லும் வீடு, பூச்சிகளைத் தின்றுவந்த துணையை இழக்கிறது.

விலங்குகளின் வாயும் கால்களும் வீட்டைத் தாண்டிய கம்பித் தொடர்களையும் பாதித்திருக்கின்றன. 1987 டிசம்பரில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் மின்தொடரில் சிக்கிய ஓர் அணிலால் நாஸ்டாக் பங்குச்சந்தையின் வணிகம் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக நின்றது. வாரணாசியில் கங்கைக் கரையோரம் கட்டப்பட்ட இணைய இழை வடங்களைக் குரங்குகள் கடித்துத் தின்றதாக 2015இல் அதிகாரிகள் தெரிவித்தனர். 2021 ஜூனில் தமிழக மின்துறை அமைச்சர் செந்தில் பாலாஜி, கம்பிகளின் மீது அணில்கள் ஓடுவதும் மின்தடைக்கு ஒரு காரணம் என்றபோது எழுந்த கேலி பலருக்கும் நினைவிருக்கும். தமிழகத்தின் மின்தடைகளில் அணிலின் பங்கு எவ்வளவு என்பது தனிக் கேள்வி. அணில்களால் மின்தடை நேர்வதோ உலகின் மின்வாரியங்கள் பலவும் பதிவு செய்துள்ள செய்தி, நகைப்புக்கு உரியது அன்று.

தடுப்பு முறைகளுள் முதலில் பலருக்கும் தோன்றுவது ஒயரில் கசப்பைத் தடவுவது. இதற்கென விற்கப்படும் திரவங்கள் சிலவற்றில் டெனடோனியம் என்ற சேர்மம் இருக்கிறது. 1958இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில், மரமரப்பு மருந்து தேடிய ஆய்வில் எதிர்பாராமல் கண்டறியப்பட்ட இது, அறியப்பட்ட பொருள்களுள் மிகக் கசப்பானதாகக் கருதப்படுகிறது. ஆயினும் கசப்பை உணரும் ஏற்பிகள் விலங்குக்கு விலங்கு வேறுபடுவதால், ஒரு நாய் நக்கியதும் விலகும் திரவத்தை மற்றொரு நாய் பொருட்படுத்தாமல் மெல்வதும் உண்டு. இனிப்பை உணரும் ஏற்பிக்கான மரபணுவே பூனையில் செயலிழந்து கிடக்கிறது என்பதை 2005இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். மனித நாவை அளவாகக் கொண்டு விலங்கின் சுவையைக் கணிப்பது எவ்வளவு தவறானது என்பதற்கு இதுவே சான்று. மிளகாய்க் காரம் என்பது சுவையன்று, வெப்பத்தையும் வலியையும் உணரும் நரம்பு ஏற்பி ஒன்றின் தூண்டல். அந்த ஏற்பியை 1997இல் இனங்கண்ட டேவிட் ஜூலியஸ் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மிளகாய்த்தூள் தடவிய ஒயரைத் தொட்ட பாதத்தால் பூனை கண்ணைத் தேய்த்துக்கொண்டால் கண்ணின் விழிவெண்படலமும் கருவிழியும் அழற்சி கொள்ளும் என்பதால், அந்த வழியைக் கைவிடுவதே நன்று. யூக்கலிப்டஸ் தைலம், கிராம்பு எண்ணெய், வேப்பெண்ணெய் ஆகியவற்றைப் பூனை இருக்கும் வீட்டில் தடவுவது இன்னும் கேடானது. பல மணப்பொருள்களை உடலிலிருந்து வெளியேற்ற உதவும் கல்லீரல் நொதி ஒன்று பூனையில் இயங்குவதில்லை; முடியில் ஒட்டிய எண்ணெயை அது நக்கி நக்கியே உள்ளே சேர்த்துக்கொள்கிறது.

கசப்பைவிட உறுதியானது எட்டாமை. பாடம் கேட்டு முடித்ததும் ஹெட்போனைச் சுருட்டி மூடியுள்ள டப்பாவில் வைப்பதும், சுவரோரம் நிலையாக ஓடும் ஒயர்களைப் பிவிசி குழாய்க்குள் செலுத்துவதும் நாய், பூனை, முயல் ஆகிய மூன்றுக்கும் போதும். ஆணியில் தொங்கவிடுவது நாய்க்குத் தடையாகலாம். பூனைக்கோ ஆடும் ஒயர் அழைப்பாகவே அமையும். எலிக்கு மெல்லிய நெகிழிக் குழாய் தடையாவதில்லை, இரும்புக் குழாயோ நெருக்கமான கம்பிவலையோ வேண்டும். அதைவிட, தானியத்தையும் ஒயரையும் ஒரே பரணில் வைக்காதிருப்பது பயன் தரும். குட்டிக்குப் பல் முளைக்கும் மாதங்களில், கடிப்பதற்கு உரிமையான பொருளைத் தராமல் கடிக்காதே என்பது நடவாத காரியம்: கெட்டியான ரப்பர்ப் பந்தும், குளிர்ந்த நீரில் நனைத்து முறுக்கிய தடிமனான துணியும், கேரட் துண்டும் ஏற்றவை. வேகவைத்த எலும்பு முட்களாக உடைந்து குடலைக் குத்துவதால் கொடுக்கக்கூடாது. முயலுக்கு உலர்புல்லும் வேலிமசாலும் எப்போதும் முன்னால் இருந்தால் ஒயரின் மீதான நாட்டம் குறையும்.

கல்வராயன் மலையிலும் அதைச் சூழ்ந்த சேலம், கள்ளக்குறிச்சிச் சமவெளியிலும் மரவள்ளி மிகுதியாக விளைவதால், இங்கே மட்டும் தனியாகச் சொல்லவேண்டிய எச்சரிக்கை ஒன்று உண்டு. கையருகே கிடக்கிறதே என்று மரவள்ளிக் குச்சியையோ பச்சைக் கிழங்கின் தோலையோ நாய்க்குட்டிக்கும் முயலுக்கும் கடிக்கக் கொடுத்துவிடக்கூடாது. அவற்றிலுள்ள லினமாரின் என்ற சேர்மம், திசு நசுங்கியதும் நொதியின் செயலால் சிதைந்து, ஹைட்ரஜன் சயனைடு என்னும் கடும் நஞ்சை வெளியிடுகிறது. பசுமையான மரவள்ளி இலையை மேய்ந்த ஆடுகள் சில மணி நேரத்துக்குள் மடிவதற்கும் இதுவே காரணம். ஒயரைக் காப்பாற்ற உயிரைக் கொடுப்பது போன்ற அந்த மாற்றுப்பொருளைவிட, அறுந்த ஹெட்போன் எவ்வளவோ மேல்.

ஹெட்போன் ஒயரைக் கடித்துப் பழகிய விலங்குக்கு, அதையொத்த உருவமுள்ள மின்சார ஒயரை வேறுபடுத்தத் தெரியாது என்பதிலேதான் உண்மையான அச்சம் இருக்கிறது. சார்ஜரின் மெல்லிய ஒயரில் ஓடுவது பெரும்பாலும் 5 வோல்ட் நேர்மின்னோட்டம். ஆனால் டேபிள் ஃபேனுக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கும் செல்லும் ஒயரில் 230 வோல்ட் மாறுமின்னோட்டம், நொடிக்கு 100 முறை திசைமாறியபடி ஓடுகிறது. உமிழ்நீரால் நனைந்த வாயில் மின்தடை மிகக் குறைவு என்பதால் மின்னோட்டம் நாவையும் உதட்டையும் சுட்டுக் கருக்குகிறது. தாடைத் தசைகள் சுருங்கி இறுகுவதால் விலங்கால் ஒயரை விட முடிவதில்லை. அந்நிலையில் மெயின் சுவிட்சை அணைக்கும் முன் விலங்கைத் தொடுபவரும் அதே ஓட்டத்துக்கு ஆளாவார். உயிர்தப்பிய விலங்கு உடனே எழுந்து நடந்தாலும், நுரையீரலின் நுண்குழாய்களிலிருந்து நீர் கசிந்து காற்றறைகளில் தேங்கும் நிலை பல மணி நேரம் கழித்தும் உருவாகக்கூடும் என்பதால், நன்றாகத்தான் இருக்கிறது என்று விட்டுவிடக்கூடாது. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி என்ற பாதுகாப்புக் கருவியை மின்பெட்டியில் பொருத்துவது மனிதருக்கும் விலங்குக்கும் ஒருசேரக் காவல்; எனினும் ஒயரின் இரு கம்பிகளுக்கு இடையே வாய் அகப்பட்டு, மின்னோட்டம் தரைக்குக் கசியாமல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் திரும்பும்போது, அக்கருவியால் அதை உணர முடியாது.

ஒயரே இல்லாத இயர்பட் வாங்கிவிட்டால் சிக்கல் தீர்ந்தது என்று நினைப்பதும் சரியன்று. பாக்கு அளவேயான அதை நாய் ஒரே மடக்கில் விழுங்கிவிட முடியும். உள்ளிருக்கும் சிறு மின்கலம் உணவுக்குழாயில் தங்கினால், அதன் மின்னோட்டத்தால் ஈரமான திசுவில் காரப்பொருள் உண்டாகி, இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே ஆழமான புண்ணை ஏற்படுத்தும்.

விழுங்கிவிட்டது என்ற ஐயம் எழுந்தால், உப்புக் கரைசல் புகட்டி வாந்தியெடுக்கச் செய்யும் பழக்கம் இருமடங்கு தீங்கானது: மிகுதியான உப்பே நாயைக் கொல்லும், மின்கலமாயின் மேலேறி வரும்போது மீண்டும் சுடும். மலையின் அடிவாரத்துக்கு அப்பால், சேலம் மாவட்டம் தலைவாசல் கூட்டுரோட்டில் 2021இல் திறந்துவைக்கப்பட்ட கால்நடை அறிவியல் ஆராய்ச்சி நிலையம் இருப்பது இப்பகுதிக்கு வாய்த்த நன்மை. நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைப்பதற்கான 1962 என்ற எண்ணும் தமிழகம் முழுவதற்கும் பொதுவானது. மருத்துவரிடம் போகும்போது, அறுந்த ஒயரின் எஞ்சிய துண்டுகள் எல்லாவற்றையும் தவறாமல் எடுத்துச்செல்ல வேண்டும். பெரும்பாலான ஹெட்போன் ஒயர்கள் ஏறத்தாழ 1.2 மீட்டர் நீளமுள்ளவை என்பதால், எஞ்சியதை அளந்து கழித்தால் வயிற்றுக்குள் சென்றது எவ்வளவு என்பது தெரியும். செம்பு எக்ஸ்ரே படத்தில் வெண்கோடாகத் தெளிவாகத் தெரியும்; நைலான் நூலோ அதில் தெரியாது. ஆகவே செம்பு உதிர்ந்து உறையும் நூலும் மட்டும் தனியே பிரிந்திருக்கும் வாய்ப்பை மருத்துவர் கணிப்பதற்கு, கையில் கொண்டுபோன துண்டின் முனை எப்படிப் பிய்ந்திருக்கிறது என்பது படத்தைவிட மேலான தடயமாக அமையக்கூடும்.